பட்டறிவு பாடம் நடத்தும்போது: தருமபுரிப் பக்கத்து மனநலச் செவிலியர் வகுப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு வாழ்பவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் செவிலியர் கல்லூரிக்குப் பாடம் நடத்த அழைத்தால் என்ன நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதே இந்த ஆய்வின் பொருள். இதில் வரும் கல்லூரியும் மனிதர்களும் கற்பித்தலுக்காகக் கோத்து அமைத்தவை. பல இடங்களில் வழக்கமாக நேர்வதை ஒரே கல்லூரியில் நடந்ததாக வைத்திருக்கிறோம். இன்ன ஊர், இன்னார் என்று தேட வேண்டாம். சட்டம், மருந்து பற்றிய செய்திகள் மட்டும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

வகுப்பெடுக்க வருபவரைப் ‘பட்டறிவாளர்’ என்று குறிப்பிடுகிறோம். பட்டு அறிந்தவர் என்று பொருள். வகுப்பு நடத்த வந்தவரை ‘நோயாளி’ என்று அழைத்தால், அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே மாணவர்களின் கை குறிப்பேட்டைத் தேடும். அறிகுறிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

பின்னணி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டில் 48 பேர். மனநலச் செவிலியம் இப்போது 5, 6-ஆம் பருவங்களில் வருகிறது. நோய் வரலாறு கேட்டு எழுதுதல், மனநிலைப் பரிசோதனை, உரையாடலை வரிவரியாகப் பதிவு செய்யும் ‘பிராசஸ் ரெக்கார்டிங்’ என்று எழுத்து வேலை நிறைய உண்டு. மாணவர்கள் பெரும்பாலோர் அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பக்கத்துப் பிள்ளைகள். வார்டுக்குள் கால் வைக்கும் முன் அவர்களுக்குத் தெரிந்தது ஊரில் கேட்டதும் சினிமாவில் பார்த்ததும்தான்: காத்துக் கருப்பு, கோடாங்கி, மந்திரித்த கயிறு, கண்ணை உருட்டும் பைத்தியம். வார்டிலும் அவர்கள் பார்ப்பது ஒருவரின் மிக மோசமான பத்து நாட்களை மட்டுமே. அதே மனிதர் வீடு திரும்பி, வேலைக்குப் போய், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மீதி வருஷங்களை அவர்கள் பார்ப்பதே இல்லை. பட்டறிவாளரை வகுப்புக்கு அழைப்பதன் முதல் நியாயம் இதுதான்.

பிரிட்டனில் செவிலியர் கல்வியை நெறிப்படுத்தும் மன்றம் 2018-இல் வெளியிட்ட தரநிலைகள், மாணவர் தேர்வு முதல் பாடத்திட்டம் வரை சேவை பெறுவோரின் பங்கைக் கேட்கின்றன. நம் பக்கத்தில் இது ஆசிரியர் ஒருவரின் அக்கறையை நம்பி நடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் வகுப்பும் கூடவே போய்விடும்.

முதல் முயற்சி

முதல் தடவை கூட்ட அரங்கில் நடந்தது. இரண்டு ஆண்டு மாணவர்கள் சேர்ந்து 100 பேருக்கு மேல். மேடை, மைக், பின்னால் பேனர். இருதுருவக் கோளாறுக்கு (மனம் மிகை எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்ளும், 40 வயதை நெருங்கும் ஒரு பெண்ணை, அவருக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவர் வழியாகவே அழைத்திருந்தார்கள். “உங்க கதையைச் சொல்லுங்கம்மா” என்றார்கள். அவர் 50 நிமிடம் பேசினார். கல்யாணம், முதல் பிரசவம், தூக்கமில்லாத ராத்திரிகள், அடைத்து வைக்கப்பட்டது, எல்லாம் வந்தது. முன்வரிசையில் சிலர் அழுதார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: “நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களா?” யாரும் குறுக்கிடவில்லை. கடைசியில் பொன்னாடை போர்த்தி நினைவுப் பரிசு கொடுத்து, கைதட்டி அனுப்பினார்கள்.

மேலுக்குப் பார்த்தால் நல்ல நிகழ்ச்சி. உள்ளே நடந்தது வேறு. பொன்னாடை போர்த்தும் படம் அன்று மாலையே ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மறுநாள் அவருடைய ஊருக்குள்ளும் வந்துவிட்டது. நிகழ்ச்சி நீண்டதால் ஊர்ப் பேருந்து போய்விட்டது. வீடு சேர இரவு பத்தரை. சாப்பாடும் இரவு மாத்திரையும் தள்ளிப் போயின. போக வரச் செலவு அவர் கைக்காசு. அதோடு ஒரு நாள் கூலியும் போச்சு. ஒரு வாரம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை அவருடைய உரிமையாக்குகிறது. 24-ஆம் பிரிவு, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தருவதைத் தடுக்கிறது. மின்னணு வடிவில் இருக்கும் தகவலுக்கும் அந்த ரகசியம் பொருந்தும் என்கிறது. இந்தப் பிரிவுகளை 5-ஆம் பருவத்தில் பாடமாகவே நடத்துகிறோம். அதை நடத்தும் வளாகத்திலேயே கைப்பேசிப் பெட்டி ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று ஒரு வாரம் கழித்து எழுதச் சொன்னபோது, மிக அதிகம் வந்த சொல் ‘பாவம்’. பாவப்படுகிறவர் கீழே இருப்பவரைப் பார்க்கிறார். 1954-இல் கார்டன் ஆல்போர்ட் சொன்ன தொடர்புக் கொள்கை இங்கே நேராகப் பொருந்துகிறது: வெறுப்போ பயமோ குறைய வெறும் சந்திப்பு போதாது; சம நிலை, பொது நோக்கம், சேர்ந்து செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு நான்கும் வேண்டும். அந்த அரங்கில் நான்கில் ஒன்றுகூட இல்லை. கதை கேட்க அழைத்ததுதான் அடிப்படைப் பிழை. அவருக்குத் தெரிந்த செவிலியத்தை யாரும் கேட்கவே இல்லை.

மறு வடிவம்

அடுத்த ஆண்டு, “எங்களுக்கு எதைச் சொல்லித் தருவீர்கள்?” என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். அந்தப் பெண்ணிடம் முதலில் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் மூன்று நிபந்தனைகளோடு திரும்ப வர ஒப்புக்கொண்டார்: மேடை வேண்டாம், படம் வேண்டாம், நாலு மணிப் பேருந்தை விடக் கூடாது. அவரோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். பாலக்கோட்டுப் பக்கத்தில் டீக்கடை நடத்தும், குரல்கள் கேட்கும் அனுபவத்தோடு பல வருஷமாக வாழும் ஒருவர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய், மகனைப் பார்த்துக்கொள்பவர். குடியை விட்ட அரூர்க்காரர் ஒருவர்.

ஆள் சேர்ப்பதில் சில விதிகளை விட்டுக்கொடுக்க முடியாது. மருந்து எழுதும் மருத்துவர் நேரடியாகக் கேட்கக் கூடாது; அடுத்த மாதம் அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும் என்னும்போது யாரால் ‘முடியாது’ என்று சொல்ல முடியும்? புறநோயாளி மருந்து வழங்குமிடத்தில் ஒரு தாள் வைக்கலாம். விருப்பமுள்ளவர் தாமே கல்லூரிக்குப் பேசட்டும். மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் வார்டில் அப்போது உள்நோயாளியாக இருப்பவர் கூடாது. உடல்தகுதிச் சான்று மாதிரி எதுவும் கேட்கக் கூடாது. சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கத்தில், வாசித்துக் காட்டிய பிறகு. வகுப்பு நாள் காலையில்கூடக் காரணம் சொல்லாமல் வராமலிருக்கலாம். தயாரிப்புக்கான பணம் அப்போதும் உண்டு.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படுவது இந்த வேலையைக் கெடுக்கிறது. வெளியிலிருந்து வரும் விரிவுரையாளருக்கு என்ன மதிப்பூதியமோ அதுவே இவர்களுக்கும். இந்தக் கல்லூரியில் வகுப்புக்கு ₹1,000, ஒவ்வொரு தயாரிப்புக் கூட்டத்துக்கும் ₹400, பயணச் செலவு தனி. இன்னொரு சிக்கல் பிறகுதான் தெரிந்தது. கல்லூரி வங்கிக் கணக்கில்தான் போடுவோம் என்றது. டீக்கடைக்காரரின் வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் அண்ணன் கையில். நோய் கண்ட நாளிலிருந்து அப்படித்தான். பணம் அவர் கைக்கே வர, கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகத் தரும் வவுச்சருக்கு அலுவலகத்தை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு மாதம் ஆனது. அவர் வகுப்பில் இதையே ஒரு பாடமாக்கினார்: வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியர் ‘அட்டென்டர்’ கையில், அதாவது கூட வந்த வீட்டு ஆளின் கையில், மாத்திரைக் கவரைக் கொடுத்து அவரிடமே பேசுவார், பக்கத்தில் நிற்கும் தன்னைப் பார்ப்பதில்லை. “மாத்திரை நான்தானே முழுங்கணும்?” என்று கேட்டார்.

தயாரிப்புக்கு மூன்று கூட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் கூட்டத்தில் மூன்று நிற அட்டைகள். யாரிடமும் சொல்லலாம் என்பது பச்சை, நல்லபடியாகக் கேட்டால் சொல்வேன் என்பது மஞ்சள், வீட்டோடு இருக்கட்டும் என்பது சிவப்பு. சிவப்பு அட்டையை ஆசிரியருக்கும் காட்டத் தேவையில்லை. இரண்டாவதில், சொல்லித் தரப்போகும் ஒரே ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து 20 நிமிட ஒத்திகை. மூன்றாவதில், மாணவர்கள் சீட்டில் எழுதிய கேள்விகளைப் பட்டறிவாளரே பிரித்துப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

மாணவர்களுக்கும் ஒரு மணி நேரம் தயாரிப்பு வேண்டும். அவர்களில் மனநலச் சிக்கலோடு இருப்பவர் கட்டாயம் இருப்பார். வீட்டில் யாருக்காவது இருப்பது இன்னும் சாதாரணம். யாரும் வெளியே சொல்லத் தேவையில்லை, எழுந்து போகலாம், காரணம் கேட்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416 என்ற எண் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

வகுப்பு காலை 10.30 முதல் 12.30 வரை. ஒலான்சபின், குளோசபின் போன்ற, தூக்கத்தைக் கூட்டும் இரவு மாத்திரை எடுப்பவருக்குக் காலை எட்டு மணி என்பது நடுராத்திரி மாதிரி. 48 பேரை நான்காகப் பிரித்து, 12 பேருக்கு ஒரு வட்டம். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. பட்டறிவாளர் உட்காருமிடம் கதவுக்குப் பக்கம். வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவரோடு தனியாகப் பேச்சு. மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இந்த இரண்டாவது அழைப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சங்கடம் மூன்றாம் நான்காம் நாளில்தான் மேலே வரும்.

லித்தியமும் கழிப்பறையும்

அந்தப் பெண் தேர்ந்தெடுத்தது மருந்து அறிவுரை. ஒரு மாணவியை எதிரே உட்காரவைத்து, “எனக்கு லித்தியம் எழுதியிருக்காங்க, என்னை வீட்டுக்கு அனுப்புங்க” என்றார். மாணவி படித்ததைப் பிசகில்லாமல் சொன்னார்: தினமும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தத்தில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6-இலிருந்து 1.2 mEq-க்குள். எல்லாம் சரி.

“சரிம்மா. நான் மாங்கூழ் ஃபேக்டரியில சீசனுக்குப் போறேன். எட்டு மணி நேரம் நின்னு வெட்டணும். தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும். இந்த மாத்திரையில ரெண்டு மடங்கு வரும். சூப்பர்வைசர் ஆம்பளை. எத்தனை தடவை கேப்பேன்? அதனால நான் தண்ணியே குடிக்கிறதில்ல.”

மாணவியிடம் பதில் இல்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை.

அங்கிருந்து ஆசிரியர் எடுத்துக்கொண்டார். லித்தியத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. வியர்வையாலோ வயிற்றுப்போக்காலோ உடலில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். மாங்கூழ் ஆலைக்கு மும்முரமான மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்க நின்ற உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவது வழக்கம். அந்த வகை வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மூன்றும் ஒரே வாரத்தில் சேரும்போது என்ன ஆகும்? கை பெரிதாக நடுங்கும், வாந்தி பேதி வரும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். ரத்த அளவு 1.5-க்கு மேல் போனாலே நஞ்சாகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஊரில் இதைப் ‘பழைய நோய் திரும்பிடுச்சு’ என்றோ ‘குடிச்சிருக்கா’ என்றோதான் சொல்வார்கள்.

அன்றைக்கு அந்த வட்டம் தன் அறிவுரைத் தாளைத் திருத்தி எழுதியது. முதல் வரி இப்படி மாறியது: “நீங்க வேலை செய்யுற இடத்துல கழிப்பறை இருக்கா? கேட்டுட்டுத்தான் போகணுமா?” வேலை நேரம், வலி மாத்திரை, சீசன் மாதங்களில் ஒரு கூடுதல் ரத்தப் பரிசோதனை என்று அதற்குப் பிறகு வந்தன. இந்த ஒரு வரிக்காகவே அவரை மூன்று தடவை அழைக்கலாம்.

“வாயைத் திற”

டீக்கடைக்காரர் வட்டத்தில் இரண்டு வேலை. ஒன்று பலரும் செய்யும் பயிற்சி: ஒரு மாணவரிடம் மற்றவர் நோய் வரலாறு கேட்க, மூன்றாமவர் சுருட்டிய தாளை அவர் காதில் வைத்துத் திட்டும் சொற்களை முணுமுணுப்பார். பயிற்சி முடிந்ததும் மாணவர்கள் வெளிறிப்போனார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. இந்த மாதிரிப் பயிற்சியால் பரிவு கூடினாலும், ‘இவ்வளவு பயங்கரமா’ என்று ஒதுங்கி நிற்கும் எண்ணமும் கூடக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. அதனால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. அவர் நிறுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக் காட்டினார். கடையில் ஆள் இருக்கும்போது குரலுக்குப் பதில் சொல்லத் தோன்றினால் இப்படி வைத்துக்கொண்டு பேசிவிடுவாராம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டீ ஆற்றும்போது பாட்டு முணுமுணுத்தால் குரல் தணியும். கூட்டம் அதிகமானால் ஏறும். மாணவர்கள் எழுதிக்கொண்டது இந்த மூன்றையும்தான்.

இரண்டாவது, வார்டில் மாத்திரை கொடுப்பது. அவர் செவிலியராக நின்றார், ஒரு மாணவர் கட்டிலில். புளிப்பு மிட்டாய்தான் மாத்திரை. “போடு. முழுங்கு. வாயைத் திற. நாக்கைத் தூக்கு.” இருபது வயதுப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறந்த தேதியைப் பார்த்தால் அப்பா வயதிருக்கும் ஆளையும் வார்டில் நீ, வா, போ என்று பேசுவது சர்வசாதாரணம். தமிழில் மரியாதை ஒரு சின்ன விகுதியில் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு ‘சிகிச்சைக்கான உறவு’ என்று பாடம் நடத்த முடியாது. மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்குபவர் உண்டு, கவனிக்கத்தான் வேண்டும். டீக்கடைக்காரர் காட்டிய வழி: உட்கார்ந்து கொடுங்கள், தண்ணீர் இரண்டு மடக்குக் குடிக்கவிடுங்கள், இரண்டு நிமிடம் எதையாவது பேசுங்கள். வாயில் மாத்திரையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசுவது கஷ்டம். ஒதுக்கினார் என்று தெரிந்தால், ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். உடம்பு இறுகுகிறதா, எச்சில் வழிகிறதா, எடை ஏறுகிறதா.

தாயின் வட்டம்

இங்கே இரண்டு கோளாறு வந்தது. அவருக்குத் தெலுங்கு சரளம், தமிழ் திக்கித் திக்கி. ஓசூர்ப் பக்கத்து மாணவி மொழிபெயர்த்தார். தாய் கடுமையாகச் சொன்னதையெல்லாம் மென்மையாக்கிவிட்டார். மரியாதைக்காகச் செய்ததுதான், ஆனால் செவிலியர் மேல் இருந்த கோபம் என்ற முக்கியமான பாடம் வழியில் தொலைந்தது. அடுத்த முறை மொழிபெயர்ப்பவருக்கும் அரை மணி நேரப் பயிற்சி: ‘நான்’ என்று அவர் இடத்திலிருந்தே பேசு, சுருக்காதே, திட்டினால் திட்டாகவே சொல்.

மற்றது ஆழமானது. டீக்கடைக்காரர்தான் எழுப்பினார்: “அந்தம்மா சொல்றது அவங்க பையன் கதை. அவன் சரின்னு சொன்னானா?” யாரும் கேட்கவில்லை. பராமரிப்பவரின் பட்டறிவு அவருக்குச் சொந்தம். மகனின் அறிகுறிகள் மகனுக்குச் சொந்தம். அடுத்த வகுப்புக்கு முன் தாயின் குறிப்பை மகனுக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் இரண்டு விஷயங்களை அடித்துவிட்டார். அவை வகுப்பிலும் இல்லை, இந்த ஆய்விலும் இல்லை.

குடியை விட்டவரின் பாடம் சுருக்கமானது, உயிர் காப்பது. கால் முறிந்து அறுவைசிகிச்சை வார்டில் சேர்க்கும்போது, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லையாம். குடி திடீரென்று நின்றதால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, ஆள் தெரியாமல் பிதற்றி, கட்டிப்போடும் நிலை வந்தது. எந்த வார்டானாலும் சேர்க்கும் தாளிலேயே அந்தக் கேள்வி இருக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும்.

மதிப்பீட்டில் பங்கு

பாத்திர நடிப்புப் பயிற்சிக்குப் பட்டறிவாளர்கள் மதிப்பெண் போடட்டும் என்று கொடுத்தபோது எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து. “புள்ளைங்க பாவம், கஷ்டப்பட்டுப் படிக்குதுங்க.” எண்ணுக்குப் பதிலாக ஒரே கேள்வி கொடுத்தார்கள்: நாளைக்கு உங்களுக்கு முடியாமல் போனால் இவர் உங்களைப் பார்த்துக்கொள்ளலாமா, ஏன்? உடனே பதில்கள் கூராகிவிட்டன. “நல்ல பொண்ணு, ஆனா கடிகாரத்தையே பாக்குது.” “என் கையைப் புடிக்கறதுக்கு முன்னாடி கேட்டுச்சு.” பிராசஸ் ரெக்கார்டிங் தாளிலும் கடைசியில் ஒரு பத்தி கூட்டினார்கள்: ‘எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்தது’. அதைப் பட்டறிவாளர் சொல்ல, மாணவர் எழுதுவார்.

மனப்பான்மை மாறியதா என்று அளக்க 16 கேள்விகள் கொண்ட மைக்கா (MICA) என்ற வினாத்தாள் போன்ற அளவுகோல்கள் இருக்கின்றன. வகுப்பு முடிந்த மறுநிமிடம் கொடுத்தால் எல்லோரும் நல்லவராகவே எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்து, வார்டுப் பணி முடிந்த பிறகு கொடுப்பதில்தான் பொருள் உண்டு. அதைவிட நம்பகமானது, மாணவர் எழுதிய உரையாடல் பதிவுகளில் எத்தனை இடத்தில் ‘நீ’ வருகிறது, எத்தனை கேள்வி அனுமதி கேட்டுத் தொடங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது.

நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால்

இரண்டாம் சுற்றுக்கு இரண்டு வாரம் முன் டீக்கடைக்காரருக்கு நோய் திரும்பியது. வகுப்பால்தான் வந்ததோ என்று கல்லூரி பயந்து, அவரை விட்டுவிடலாம் என்றது. அது மிகப் பெரிய தவறாக இருந்திருக்கும். முடியாமல் போனால் வேலை போகும் என்பதை இன்னொரு முறை அவருக்குக் கற்றுக்கொடுத்திருப்போம். நல்லவேளை, முதல் கூட்டத்திலேயே ஒரு தாள் எழுதி வாங்கியிருந்தார்கள். அதே 2017 சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் முன்கூட்டிய உத்தரவை (தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், தரக் கூடாது என்று முன்பே எழுதி வைப்பது) மனதில் வைத்து, கல்லூரி அளவுக்குச் சுருக்கியது: முடியாமல் போகும்போது யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடக் கூடாது, மாணவர்களிடம் என்ன சொல்லலாம். அதில் அவர் எழுதியிருந்தது: “ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லாதீங்க. உடம்பு முடியலன்னு சொல்லுங்க. எடத்த வேற யாருக்கும் குடுக்காதீங்க.” அப்படியே செய்தார்கள். அவருடைய வட்டம் அந்த மாதம் நடக்கவில்லை; பத்து வாரம் கழித்து நடந்தது.

அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணையை இப்போது நான்கு பட்டறிவாளர்களும் சேர்ந்தே போடுகிறார்கள். முதல் திருத்தமாக, மாங்கூழ் ஆலை ஓடும் மாதங்களில் வகுப்பு வைப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவதாக, பேருந்து நேரம் எழுதிய தாளொன்று வகுப்பறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.